தூரத்துக்குத் தகுந்த குரல்

கலியாணசுந்தரம் அண்ணன் மலாக்காவின் காஜா பெராங்கில் தும்மினால் கம்போங் செட்டியில் தூங்குகிற கோழி விழித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். கோழி விவகாரம் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் டாக்சி ஸ்டாண்டில் நின்று "டேய் சேது!" என்று ஒரு குரல் கொடுத்தால், இரண்டு தெரு தள்ளிக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் நான் பாதி ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவேன். சேதுபதி என்கிற நான் நல்லையா முதலாளியின் டாக்சி கம்பெனியில் டிரைவர். இத்தனை வருஷத்தில் நான் முழு ரொட்டி சாப்பிட்ட நாட்கள் குறைவு. அதற்கெல்லாம் இந்த மனுஷன்தான் காரணம்.

அவருக்குக் கம்பெனியில் சம்பளமே அந்தக் குரலுக்குத்தான். வண்டி ஓட்டத் தெரியாது. கணக்கு வராது. வெயிலில் நின்றுகொண்டு "தம்பின்! மூவார்! அலோர் காஜா!" என்று ஊர்ப்பெயர்களைச் சொல்லி நான்கு பாஷையில் ஆள் கூப்பிடுவார். ஆள் பிடித்த பிறகு, எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் எங்களைக் கூப்பிடுவார். ஊருக்கு டெலிபோன் வந்து எத்தனையோ காலமாகியும் அவர் அதைக் கையால் தொட்டதில்லை. தேவைப்படவில்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் நல்லையா முதலாளி சிங்கப்பூர் போய்வந்தார். அங்கே டாக்சிக்குள் ரேடியோ வைத்துப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. நம் நாடும் சுதந்திர நாடு, நம் டாக்சியும் பேச வேண்டும் என்றார். உயரமான கம்பம் நட வேண்டும், அதற்கு மேட்டில் இடம் வேண்டும். கலியாணசுந்தரம் அண்ணன் குடியிருந்த வீடு மேட்டில் இருந்தது. அதனால் ரேடியோ ஆபீஸ் அவர் வீட்டு முன்னறைக்கே வந்துவிட்டது. கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பியில் அவர் மனைவி சாரதாம்பாள் அண்ணி முதல் நாளே துணி காயப்போட்டார்.

ரேடியோவைப் பொருத்த வந்தவர் அலாவுதீன் பாய். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பள்ளிவாசலுக்கு எதிர்ச்சாரியில் ரேடியோ கடை வைத்திருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினால் நிறுத்த மாட்டார். இரண்டு ரகத்தில் செட் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒன்று ஏ.எம்., மற்றது எஃப்.எம்.

"ஏ.எம்.ல நீங்க பேசறதுக்குத் தக்கன அலையோட பலம் கூடும், குறையும்ண்ணே. எஃப்.எம்.ல பலம் மாறாது. அலை அந்தாண்ட இந்தாண்ட அசையும். மெதுவா பேசினா கொஞ்சம் அசையும், சத்தம் போட்டா ரொம்ப அசையும்."

அண்ணன் எல்லாம் புரிந்தவர் போலத் தலையாட்டினார். எனக்குத் தெரியும், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஓட்டிப் பார்த்தோம். ஏ.எம். செட்டில் என் வண்டி எஞ்சினே கடலை வறுப்பது போலப் படபடவென்று கேட்டது. நானும் இன்னொரு டிரைவர் பொன்னுதுரையும் ஒரே நேரத்தில் பேசியபோது இரண்டு பேர் குரலும் குழம்பி, நடுவே ஒரு விசில் சத்தமும் சேர்ந்து வந்தது. எஃப்.எம். செட்டில் எஞ்சின் சத்தம் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து பேசினால் கிட்டத்தில் நிற்கிறவன் குரல் மட்டும் கேட்டது. மற்றவன் பிறக்கவே பிறக்காதவன் போல ஆகிவிட்டான்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நான் பேசறப்ப எவனும் குறுக்க பேச முடியாது?"

"முடியாதுண்ணே. உங்க செட்டுக்குத்தான் பலம் ஜாஸ்தி. அவங்க பேசினாலும் எடுபடாது."

"இதையே மாட்டு லா!"

ஏ.எம். விலை குறைவு என்று முதலாளி முனகியது எடுபடவில்லை. அதற்கு ரேடியோகூடத் தேவைப்படவில்லை.

இனிமேல் அண்ணன் தொண்டைக்கு ஓய்வு, எங்கள் காதுக்கும் ஓய்வு என்று நினைத்தோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அண்ணனுக்கு இந்த ரேடியோவைப் பற்றி ஒரு தனிக் கொள்கை இருந்தது. கம்பி வழியாகப் போகிற டெலிபோனுக்கே சத்தமாகப் பேச வேண்டும், கம்பியே இல்லாமல் போகிற குரலுக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது அவர் கேள்வி. அதனால் தூரத்துக்குத் தகுந்த குரல் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியிடம் உட்கார்ந்தபடி சாதாரணமாகப் பேசுவார். வண்டி அலோர் காஜாவில் என்றால் முதுகை நிமிர்த்துவார். தம்பின் என்றால் எழுந்து நிற்பார். மூவார் என்றால் எழுந்து, இடுப்புச் சாரோங்கை இறுக்கிக் கட்டி, மூவார் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி, மூச்சை இழுத்து, மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கத்துவார். சாரதாம்பாள் அண்ணி சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். அண்ணி அந்தக் கதவைச் சாத்தினால் எங்கள் ஆள் ஒருவன் மூவாரில் இருக்கிறான் என்று அக்கம்பக்கத்துக்கே தெரியும்.

நாங்கள் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "மெதுவா பேசினாலே கேக்கும்ண்ணே" என்று நான் மூவாரிலிருந்து எத்தனையோ முறை சொன்னேன். "நான் கத்தறதனாலதான் உனக்குக் கேக்குது" என்றார். இந்த ஆளிடம் யார் வாதாடுவது?

இரண்டு மூன்று வருஷம் இப்படியே ஓடியது. பிறகு நாட்டில் எல்லோருக்கும் ரேடியோ ஆசை வந்துவிட்டது. லாரிக் கம்பெனி, தண்ணீர் இலாகா, ஆம்புலன்ஸ் என்று ஆளுக்கொரு சேனல் கேட்டார்கள். ஆகாயத்தில் இடம் போதவில்லை. ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் ஐம்பது கிலோசைக்கிள் இடைவெளி இருந்தது. அதை இருபத்தைந்தாகக் குறைத்துவிட்டார்கள். அலாவுதீன் பாய் எங்கள் செட்டுகளைப் பிரித்து மாற்றியமைக்க வந்தபோது அண்ணனுக்கு விளக்கினார்.

"கல்யாண வீட்டுல பாயி போட்டுப் படுக்கறோம்ல, அந்த மாதிரிதாண்ணே. முன்ன ரெண்டு பேருக்கு எடம் இருந்துச்சு, கைய கால நீட்டிக்கிட்டோம். இப்ப நெறைய பேரு வந்துட்டாங்க. ஒடுங்கிப் படுக்கணும். நீங்க சத்தமா பேசினா கால் அடுத்தவன் பாய்க்குப் போயிடும்."

"நான் நீட்டிப் படுக்கற ஆளில்ல" என்றார் அண்ணன், பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்படி.

அடுத்த பாயில் படுத்தது ஓர் ஐஸ் கம்பெனி. மீன்காரர்களுக்கும் சந்தைகளுக்கும் ஐஸ் கொண்டுபோகும் லாரிகள். அந்த லாரி டிரைவர்களில் கம்போங் செட்டியைச் சேர்ந்த ராஜரத்தினம் எனக்குப் பழக்கம். பெயர் சுத்தமான தமிழ், நெற்றியில் திருநீறு, மாரியம்மன் கோவில் திருவிழாவில் முன்னால் நிற்பவன். ஆனால் அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான். தமிழ் ஒரு வார்த்தை வராது. அதாவது, அதுவரை வராது.

புதுச் சேனல் வந்த வாரமே ஐஸ் லாரிகளுக்குள் அண்ணன் புகுந்துவிட்டார். அவர்கள் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, எத்தனை கட்டி இறக்கினாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, "டேய்! எங்கடா தொலைஞ்சே! சீக்கிரம் வண்டிய எடு!" என்று ஒரு முழக்கம் வரும். கிராணி பாவம், நாற்காலியிலிருந்து துள்ளுவாராம். ராஜரத்தினத்துக்கு மட்டும் அது பெரிய சந்தோஷம். அண்ணன் சொன்னதை ஏற்ற இறக்கத்தோடு அப்படியே மனப்பாடம் செய்து, காப்பிக் கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் திருப்பிச் சொல்லிக் கையைக் குலுக்குவான். அது ஏதோ மரியாதையான வணக்கம் என்று நினைத்திருந்தான். நானும் திருத்தவில்லை, கேட்க நன்றாக இருந்தது.

கிராணி புகார் எழுதினார். லைசென்ஸ் அதிகாரி ஒருவர் கோலாலம்பூரிலிருந்து பெட்டியும் முள்ளும் வைத்த கருவியோடு வந்து முன்னறையில் உட்கார்ந்தார். அன்று பார்த்துக் கூப்பிட்ட வண்டிகளெல்லாம் ஊருக்குள்ளேயே இருந்தன. அண்ணன் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல அடக்கமாகப் பேசினார். முள் அசையவே இல்லை. அதிகாரி காப்பியைக் குடித்துவிட்டு, ஐஸ்காரர்களுக்குத்தான் ஏதோ கோளாறு என்று பெட்டியை மூடப் போனார். அந்த நேரத்தில் பொன்னுதுரை கூப்பிட்டான். மூவாரிலிருந்து.

அண்ணன் எழுந்தார். சாரோங்கை இறுக்கினார். திரும்பினார். சமையல்கட்டுக் கதவு சாத்தப்பட்டது. அதிகாரி விஷயம் புரியாமல் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் ஓடிப்போய் அந்தக் கோடியில் மோதி நின்றுவிட்டது. அந்தக் கருவி அதற்குப் பிறகு சரியாக வேலை செய்யவில்லை என்று கேள்வி.

எச்சரிக்கை வந்தது. இன்னொரு புகார் நிரூபணமானால் லைசென்ஸ் ரத்து. அலாவுதீன் பாய் செட்டைத் திறந்து ஒரு திருகாணியை இறுக்கினார். எவ்வளவு கத்தினாலும் அலை ஓர் அளவுக்குமேல் அசையாமல் வெட்டிவிடுமாம். அதன்மேல் சிவப்பு அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள். நல்லையா முதலாளி அரக்கைக் காட்டிச் சொன்னார்:

"இத ஒடச்சா உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவேன், பார்த்துக்குங்க."

"நான் வீட்டுலதானே மொதலாளி இருக்கேன்?"

முதலாளி சிரிக்கவில்லை. "அப்ப ரேடியோவ வெளிய அனுப்பிடுவேன். மைக்ல பேச என் மச்சான் தயாரா இருக்கான்."

அதற்குப் பிறகு அண்ணன் கத்தினால் எங்கள் செட்டில் தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்டது. நாங்கள் சிரித்தோம். அவருக்கு அது தெரியும். ஸ்டாண்டில் வாய்விட்டுக் கூப்பிடும் வேலையும் இப்போது இல்லை, அதை ரேடியோ தின்றுவிட்டது. ஐம்பது வயதில் இந்த மைக்கும் போனால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது? வாசலில் உட்கார்ந்து அவர் வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போதும் அவரைத் திட்டத்தான் தோன்றியது.

அந்த வருஷக் கடைசி மழையில் அவர் மகள் விஜயாவுக்குத் தலைப்பிரசவம். அலோர் காஜாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்தும், மாமியார் இன்னும் நாளிருக்கிறது என்று இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாக அனுப்பச் சம்மதித்தார். கூட்டிவர என்னை அனுப்பினார் அண்ணன். நான் போய்ச் சேர்ந்தபோது மழை தூறல்தான். உடனே கிளம்பியிருந்தால் சாப்பாட்டுக்கு மலாக்கா வந்திருப்போம். ரேடியோவில் அண்ணன் வந்தார்.

"கெளம்பாதே. ராகு காலம் நடக்குது. முடிஞ்சப்புறம் வண்டிய எடு."

பிள்ளைத்தாய்ச்சியை ராகு காலத்தில் அழைத்துவர எனக்கும் துணிவு வரவில்லை. மாமியார் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு ராகு காலத்தைக் கழித்தேன். நல்ல நேரம் பிறந்தபோது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. வழியில் ஒரு மேட்டுக் காப்பிக் கடையில் ஐஸ் லாரி ஒன்று மழைக்கு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். அந்த டிரைவருக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. குருபோங் ஊரைத் தாண்டுமுன் சாலையில் தண்ணீர் ஏறி, எஞ்சின் இருமிவிட்டு நின்றது. தண்ணீர் கதவு மட்டத்துக்கு வந்தது. பின்சீட்டில் விஜயா, துணைக்கு வந்த மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு "வலிக்குது" என்றாள்.

மைக்கை எடுத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஊருக்குள் இருந்த பொன்னுதுரை தன் வண்டி வைப்பர் ஓடவில்லை என்று விலாவாரியாகப் புலம்பிக்கொண்டிருந்தான். அண்ணன் வீட்டுக்குக் கிட்டத்தில் நின்றவன் அவன். தூரத்தில் இருந்த என் குரல் எடுபடவே இல்லை. அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிய எஃப்.எம்.மின் குணம் அது. அவனை அங்கேயே வெட்டிப்போடலாம் போலிருந்தது. ஒருவழியாக அவன் ஓய்ந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணன் சாதாரணக் குரலில், "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றார். மேட்டுக் கடையில் ஐஸ் லாரி நிற்கிறது, உயரமான வண்டி, அது வந்தால் தண்ணீரைத் தாண்டும், ஆனால் இவர்களை விட்டுவிட்டு நான் அவ்வளவு தூரம் போக முடியாது என்றேன்.

அடுத்து நடந்ததை அண்ணி பிற்பாடு சொன்னார். அண்ணன் வாழ்நாளில் முதல்முறையாக ஐஸ் கம்பெனிக்கு டெலிபோன் செய்ய ஆள் அனுப்பினாராம், பக்கத்து மளிகைக் கடைக்கு. மழையில் லைன் செத்துக் கிடந்தது. போன ஆள் திரும்பி வந்து சொன்னதும் அண்ணன் செட்டின் மூடியைக் கழற்றி அந்தச் சிவப்பு அரக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்து போய்ச் சின்னக் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"என்னங்க யோசிக்கிறீங்க? ஒடைங்க."

"வேல போயிடும் சாரதா."

"போவட்டும். எம் பொண்ணு வரணும்."

அரக்கு உடைந்தது. அண்ணன் திருகாணியை முழுக்கத் தளர்த்தினார். எழுந்தார். சாரோங்கை இறுக்கி, குருபோங் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பினார். அண்ணி இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.

"ஐஸ் லோரி! தோலோங்! ஆனாக் சாயா! பாஞ்சிர்! குருபோங்!"

உதவி, என் பிள்ளை, வெள்ளம். அதையே திரும்பத் திரும்பக் கத்தினார். என் செட்டில் வெறும் கிழிசல்தான் கேட்டது, ஒரு வார்த்தை புரியவில்லை. அவர் அழுதுகொண்டே கத்தினார் என்று அண்ணி சொன்னார். ஐஸ் கம்பெனிக் கிராணி அன்று நாற்காலியிலிருந்து விழுந்தேவிட்டாராம்.

விஜயா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் ராகு காலத்தைக் கண்டுபிடித்தவனையும் என்னையும் சேர்த்துச் சபித்துக்கொண்டிருந்தார். அப்போது பின்பக்கம் ஹாரன் சத்தம். தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஐஸ் லாரி வந்து நின்றது. ராஜரத்தினம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து, சன்னல் வழியே குனிந்து, அந்த அம்மாவுக்கு மரியாதையாகக் கைகூப்பி, தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதலாகச் சொன்னான்:

"டேய்! எங்கடா தொலைஞ்சே! சீக்கிரம் வண்டிய எடு!"

மாமியாருக்கு மூச்சு நின்றுவிட்டது. விஜயா அந்த வலியிலும் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கப்பா மாதிரியே பேசறாரு" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

இருவரையும் லாரியின் முன்சீட்டில் ஏற்றினோம். பின்னால் மிச்சமிருந்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு ஜலதோஷம் பிடித்தது.

அதிகாரி மறுபடி வந்தார். உடைந்த அரக்கைப் பார்த்தார். புகாரை நிரூபிக்க ஐஸ் லாரி டிரைவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். மற்றவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டதாம், யார் குரல் என்று தெரியாதாம். ராஜரத்தினம் தனக்குச் சத்தமே கேட்கவில்லை என்று மலாயில் சாதித்தான். கேட்காமல் ஏன் வெள்ளத்தில் லாரியை இறக்கினாய் என்றார் அதிகாரி.

"மீன் பிடிக்க, துவான். கையிலதான் ஐஸ் இருந்துச்சே."

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு அரக்கைத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அலாவுதீன் பாய் இந்தத் தடவை இரட்டை முத்திரை வைத்தார். நல்லையா முதலாளி தன் மச்சானைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அடுத்த தடவை நிச்சயம் பேசுவார் என்று எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். மூவாருக்குப் போகும் சவாரி வந்தாலே அவர் முகம் வாடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை வீட்டுக்கு வந்தது. புவாயான் கட்ட வேண்டும். சாரோங் துணியில் ஸ்பிரிங் போட்டுத் தொங்கவிடுகிற தூளி. ஸ்பிரிங் தாங்குகிற கனத்த உத்திரம் வீட்டிலேயே ஒன்றுதான், அது முன்னறையில், ரேடியோ மேஜைக்கு நேர்மேலே. அண்ணி அங்கேயே கட்டினார். "முழிச்சா நீங்கதான் ஆட்டணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அன்று மூவாரில் இருந்தேன். திரும்பச் சவாரி ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரின் குமிழைத் திருகிக் குறைத்தேன். பதில் வரவில்லை. என்ன நடந்தது என்று விஜயா பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அண்ணன் எழுந்தாராம். சாரோங்கை இறுக்கினாராம். திரும்பி, மூச்சை முழுக்க இழுத்தாராம். மூக்குக்கு நேரே தூளி. அதற்குள் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மெல்ல வெளியே விட்டு, உட்கார்ந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பேசினாராம்.

என் செட்டில் ஏதோ முணுமுணுப்பு வர, நான் அவசரமாகக் குமிழைத் திருகி ஏற்றினேன்.

"சேது... கேக்குதா?"

இத்தனை வருஷத்தில் மூவாரில் அவர் குரலை அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. தூளி ஸ்பிரிங்கின் கிறீச்சும் கேட்டது.

"நல்லா கேக்குதுண்ணே! பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது!"

அந்தப் பக்கம் தூளியின் கிறீச்சு மட்டும் கேட்டது. பாவம், மனுஷன் இத்தனை காலம் கத்திய கத்தலையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அதே மெல்லிய குரல் வந்தது.

"டேய், அங்கேருந்து கத்தாதடா. புள்ள தூங்குது."

நான் மூவாரில் தன்னந்தனியாக வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, குரலைத் தணித்து, "சரிண்ணே" என்றேன்.